நாலடி ரயில்வே

அமெரிக்காவில் ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். பொம்மை ரயில் ஓட்டுகிறேன். சிரிக்காதீங்க!

மாசசூசெட்ஸ் மாநிலம் வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜனவரிதோறும் பெரிய ரயில் கண்காட்சி. எங்கள் சங்கத்தில் ஆளுக்கொரு பலகை செய்து கொண்டுபோய்ச் சேர்ப்போம். 1970-களில் கலிஃபோர்னியாவில் வந்த 'என்டிராக்' முறை இது. நாலடி நீளம், இரண்டடி அகலம், தரையிலிருந்து 40 அங்குல உயரம், மூன்று தண்டவாளம். ரயில், நிஜத்தில் 160-ல் ஒரு பங்கு. பலகைமேல் மலையோ ஊரோ, அவரவர் இஷ்டம். ஓரத்தில் மட்டும் எல்லாருக்கும் ஒரே அளவு. அப்பத்தான் முன்பின் தெரியாதவர் பலகையோடும் சேரும்.

முதல் வருஷம் நான் கொள்ளிடம் பாலம் செய்தேன். பாலத்துக்கே மூன்று மாதம். பலகையின் கால்களைச் சரியாக அளக்கவில்லை! ஒரு நூல் தாழ்வு. முதல் சரக்கு வண்டியே தடம் புரண்டது. சுற்றிலும் குழந்தைகள். தூக்கிக்கிட்டுப் போயிடலாமா என்றிருந்தது. பக்கத்துப் பலகைக்காரப் பெரியவர், ஒரு வார்த்தை பேசாமல் தரையில் படுத்து, காலடி போல்ட்டை ஸ்பானரால் திருகினார். "இப்ப விடு" என்றார்.

வண்டி கொள்ளிடம் தாண்டி, அவருடைய கொலராடோ மலைக்குள் நுழைந்தது. அன்று சாயங்காலம்வரை நான் அந்த இணைப்பை விட்டு நகரவில்லை.