துண்டை வீசிய கை



குத்துச்சண்டையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் என் பேத்தி ஆவலோடு ஓடி வந்து, "தாத்தா, நீங்கள் எத்தனை பேரை வீழ்த்தினீர்கள்?" என்று கேட்டாள். "ஒருவரையும் இல்லை, அம்மா. என்னை வீழ்த்த வந்தவனைப் பற்றியும், வீழாமல் காத்தவரைப் பற்றியுந்தான் பேசப் போகிறேன்" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. உங்களுக்கும் அப்படியே இருக்கக்கூடும். ஆனால் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக நான் நெஞ்சில் பொத்தி வைத்திருக்கும் நினைவு வெற்றியின் நினைவன்று. என் ஆசான் என்னைத் தோற்கச் செய்த ஒரு மாலைப் பொழுதின் நினைவு.

1975ஆம் ஆண்டு. எனக்குப் பதினெட்டு வயது. எங்கள் வீடு திருவரங்கத்தில், கீழச் சித்திரை வீதியில் இருந்தது. என் தந்தையார் தமிழாசிரியர். எங்கள் வீதியில் பிறந்த பிள்ளை பாட்டுக் கற்கலாம், மிருதங்கம் பழகலாம், கொள்ளிடத்து மணலில் சடுகுடு ஆடினாலுங்கூட ஊர் பொறுத்துக்கொள்ளும். நானோ மாலைதோறும் சைக்கிளில் ஏறிக் காவிரிப் பாலத்தைக் கடந்து, பத்துக் கிலோமீட்டர் மிதித்துப் பொன்மலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

பொன்மலையை அறியாத திருச்சிக்காரர் இல்லை. 1920களின் இறுதியில் தென்னிந்திய ரயில்வேயின் பெரிய தொழிற்சாலை நாகப்பட்டினத்திலிருந்து அங்கே பெயர்ந்து வந்தது. அதோடு ஒரு புதிய ஊரே எழுந்தது. தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் ஆங்கிலோ இந்தியரும் அங்கே அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தனர். ரயில்வே ஊர்களில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியருக்கு ஹாக்கியும் குத்துச்சண்டையும் செல்ல விளையாட்டுகள். என் ஆசானும் அந்தச் சமூகத்தவரே. தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லாரும் அவரை 'மாஸ்டர்' என்றே அழைத்தோம்.

அவர் வீட்டுக் கொல்லையில் நின்ற வேப்ப மரத்தடியே எங்கள் பயிற்சிக்கூடம். மரக்கிளையில் மணலும் உமியும் அடைத்த கோணிப்பை ஒன்று தொங்கும். அதுதான் எங்கள் முதல் எதிரி. ஆனால் அந்த எதிரியைத் தொடவே முதல் இரண்டு மாதங்கள் மாஸ்டர் என்னை விடவில்லை. இடது காலை முன்வைத்து நிற்பது எப்படி, குதிகாலைத் தரையில் பதிக்காமல் நகர்வது எப்படி, மோவாயைத் தோளுக்குள் ஒடுக்கிக்கொள்வது எப்படி என்பனவே பாடங்கள். கயிறு தாண்டித் தாண்டிக் கெண்டைக்கால் கல்லாயிற்று. "குத்துச்சண்டை காலால் ஆடும் ஆட்டம், தம்பி. கை கடைசியில் கணக்கு முடிக்கத்தான்" என்பார். இன்னொன்றும் அடிக்கடி சொல்வார்: "எதிரியின் கையைப் பார்க்காதே, கண்ணைப் பார். அடி புறப்படுமுன் கண் சொல்லிவிடும்."

வீட்டில் இந்த வித்தையை மறைத்தேன். உதடு வீங்கினால், "சைக்கிளிலிருந்து விழுந்தேன்" என்பேன். நான்காம் முறை அப்படிச் சொன்னபோது என் தந்தையார், "இந்தச் சைக்கிளை விற்றுவிடலாம். முகத்தில் மட்டுமே காயம் உண்டாகும்படி தள்ளிவிடும் சைக்கிளை நான் கேள்விப்பட்டதில்லை" என்றார். உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

அவர் சினந்துகொண்டபோது, அவருடைய படைக்கலத்தையே நான் எடுத்தேன். "அப்பா, உறையூரை ஆண்ட சோழர் குடியில் பிறந்த போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு பொருது வென்றான் என்று புறநானூறு சொல்லவில்லையா? ஒரு காலை மார்பில் ஊன்றி, மறு காலை முதுகுப்புறம் கொடுத்து அவனை முறித்தானே! காவிரிக்கு அக்கரையில் அரசகுமாரன் செய்தது, இக்கரையில் நான் செய்தால் குற்றமா?" என்றேன்.

தந்தையார் சற்றே சிரித்தார். "அது எண்பதாம் பாட்டு. நன்றாகப் படித்தாய். ஆனால் பாட்டின் உள்ளே ஒரு தகப்பன் இருக்கிறானே, அவனைப் பார்த்தாயா? மகனோடு மனம் வேறுபட்டிருந்தவன் தித்தன். அவன் மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, அந்த மற்போரைக் காண வேண்டும் என்று சாத்தந்தையார் ஆசைப்படுகிறார். தித்தன் வந்து பார்த்தான் என்று பாட்டில் எங்கும் இல்லை" என்றார். பிறகு பேசவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.

அந்த அக்டோபர் மாதத்தில் உலகமெங்கும் ஒரே பேச்சு. முதல் தேதியன்று பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரில் முகம்மது அலியும் ஜோ பிரேசியரும் மூன்றாம் முறையாக மோதினார்கள். மொத்தம் பதினைந்து சுற்றுகள். பதினான்கு முடிந்தபோது பிரேசியரின் கண்கள் வீங்கி ஏறக்குறைய மூடிவிட்டன. எஞ்சியிருந்தது ஒரே சுற்று, மூன்றே நிமிஷம். அவருடைய பயிற்சியாளர் எடி பட்ச் அவரை எழ விடவில்லை. பிரேசியர் மன்றாடியும் போட்டியை நிறுத்திவிட்டார். அலி வென்றார்.

வேப்ப மரத்தடியில் நாங்கள் கொதித்தோம். "மூன்று நிமிஷந்தானே! பதினான்கு சுற்றுத் தாங்கியவன் இன்னும் ஒன்று தாங்கமாட்டானா? இது துரோகம்" என்றேன் நான். மாஸ்டர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "மூன்று நிமிஷம் எவ்வளவு நீளம் என்று உனக்கு இன்னும் தெரியாது, தம்பி" என்றார்.

அது சில மாதங்களில் தெரிந்தது. 1976ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பொன்மலையில் ஒரு போட்டி ஏற்பாடாயிற்று. எனக்கு எதிரியாக வந்தவன் வடசென்னை வாலிபன்.

வடசென்னை என்றால் குத்துச்சண்டையில் தனிப் பெருமை உண்டு. துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழ்ந்த உழைப்பாளி மக்கள், வெள்ளையரிடமிருந்து இவ்விளையாட்டைக் கற்றுத் தமதாக்கிக்கொண்டார்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரைகள் வகுத்து, சங்கீத வித்துவான்கள் குரு பரம்பரை சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டார்கள். சார்பட்டாவின் கித்தேரி முத்து பழைய தலைமுறையின் நாயகர். 2021இல் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த உலகம் ஓரளவு தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவனை எதிர்க்கப் போகிறேன் என்பதில் எனக்கு அச்சத்தைவிடச் செருக்கே மிகுதி.

பயில்முறைப் போட்டிக்கு மூன்று சுற்றுகள். சுற்றுக்கு மூன்று நிமிஷம். இடையே ஒரு நிமிஷம் ஓய்வு. மூன்று நிமிஷம் என்ற அந்த அளவு 1867இல் இங்கிலாந்தில் வெளியான குவீன்ஸ்பெரி விதிகளிலிருந்து வருவது. முதற் சுற்று எனக்கு நன்றாகவே போயிற்று. என் இடது நேர்க்குத்து மூன்று நான்கு முறை அவன் முகத்தைத் தொட்டது. கூட்டம் ஆர்ப்பரித்தது. இரண்டாம் சுற்றில் அவன் என்னைப் படித்துவிட்டான். வலக்கையால் என் நெற்றிப்பொட்டில் ஒன்று வைத்தான். நடுவர் எட்டு வரை எண்ணினார். எண்ணி முடித்தபோது என்முன் இருவர் நின்றார்கள், இருவரும் அவனே.

ஓய்வு நிமிஷத்தில் மாஸ்டர் என் முகத்தில் தண்ணீரைத் தெளித்துவிட்டு, விரலைக் காட்டி, என் கண்களையே உற்று நோக்கினார். "நன்றாக இருக்கிறேன், மாஸ்டர்" என்றேன். பொய் சொன்னேன். மூன்றாம் சுற்றுத் தொடங்கியது. கைகளை உயர்த்துவது கிணற்றிலிருந்து இரண்டு குடங்களைத் தூக்குவதுபோல் இருந்தது. இன்னும் இரண்டு அடிகள் விழுந்தன. ஆயினும் நான் விழவில்லை. இன்னும் ஒன்றரை நிமிஷம் நின்றால் போதும் என்று எண்ணினேன். அப்போது என் காலடியில் வெண்மையாக ஏதோ வந்து விழுந்தது. மாஸ்டரின் துண்டு. நடுவர் எங்கள் இடையே புகுந்தார். போட்டி முடிந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். மாஸ்டரின் முகத்துக்கு அப்பால், கூட்டத்தின் கடைசி வரிசையில், தோளில் மேல்வேட்டியோடு என் தந்தையார் நின்றுகொண்டிருந்தார். தித்தன் வந்திருந்தான்! அவன் வந்த நாளில் மகன் நின்றபடியே தோற்றான்.

அன்று நான் மாஸ்டருக்கு வணக்கங்கூடச் சொல்லவில்லை. தந்தையாரோடு பேருந்தில் ஏறினேன். வழியில், "நீங்கள் வந்திருப்பது தெரிந்துதான் அவர் நிறுத்தினார். உங்கள் மனம் நோகக்கூடாது என்று என் மானத்தை வாங்கிவிட்டார்" என்றேன். "நான் வந்தது அவருக்குத் தெரியாது. என் முகமும் அவருக்குத் தெரியாது" என்றார் தந்தையார்.

திருவரங்கத்தில் இறங்கியதும், தெற்கு வாயிலில் முடிவு பெறாமல் நின்ற இராயகோபுரத்தைச் சுட்டிக்காட்டினார். அக்காலத்தில் அது மேல்நிலைகள் இல்லாத மொட்டைக் கோபுரம். "நூற்றாண்டுகளாகப் பாதியில் நிற்கிறது. அதை யாராவது தோற்ற கோபுரம் என்கிறார்களா? நின்றிருப்பதனால்தானே இனிமேல் எவரேனும் கட்டவாவது முடியும்!" என்றார். நான் மறுமொழி சொல்லவில்லை. பொன்மலைக்கு மறுபடியும் போகவும் இல்லை.

1980ஆம் ஆண்டில் முகம்மது அலி சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். முதலமைச்சராயிருந்த எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். நானும் இரவு ரயிலில் போய், கூட்டத்தில் ஒருவனாக நின்று கண்டேன். முப்பத்தெட்டு வயதில் அந்தக் கால்களில் இன்னும் நடனம் இருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி அவர் லாரி ஹோம்ஸுடன் மோதினார். பத்துச் சுற்றுகள் அடி வாங்கினார். பத்தாவது முடிந்ததும் அவருடைய பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி போட்டியை நிறுத்தினார். அலியின் வாழ்நாளில் அப்படி நிறுத்தப்பட்ட போட்டி அது ஒன்றே. 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிய வந்தது. வாங்கிய அடிகளுக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவர்கள் பலவாறு விவாதித்திருக்கிறார்கள். ஆனால் 1996இல் அட்லாண்டாவில் நடுங்கும் கையால் அவர் ஒலிம்பிக் சுடரை ஏற்றியதைக் கண்டவர்கள், அவர் இன்னும் சற்று முன்னரே நிறுத்தியிருக்கலாகாதா என்று எண்ணாமல் இருந்திருக்க முடியாது.

எண்பதுகளின் நடுவில் நான் ஒரு கல்லூரியில் ஆசிரியனாக இருந்தேன். பழைய ஆசை விடவில்லை. மாணவர் சிலருக்குக் குத்துச்சண்டை பழக்கினேன். ஒரு போட்டியில் என் மாணவன் ஒருவனுக்குத் துணையாக மேடை மூலையில் நின்றேன். இரண்டாம் சுற்றில் அவன் தலையில் பலமாக அடி விழுந்தது. ஓய்வில் அவன் கண்களைப் பார்த்தேன். அவை என்னைப் பார்த்தன. ஆனால் என்னைக் காணவில்லை. "நன்றாக இருக்கிறேன், சார்" என்றான்.

என் கையில் துண்டு இருந்தது. அந்த முழத் துணி அப்போது மலைக்கோட்டையைப்போல் கனத்தது. 'என்னைப்போல் இவனும் வாழ்நாளெல்லாம் நொந்துகொள்வானோ' என்று தயங்கினேன். மணி அடித்தது, அவன் போய்விட்டான். சில விநாடிகள் கழித்துத்தான் துண்டை வீசினேன். அதற்குள் இன்னுமோர் அடி விழுந்துவிட்டது. அன்றிரவு முழுவதும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். மூளை, மண்டையோட்டுக்குள் மிதக்கும் மெல்லிய பொருள். முதல் அடியில் குலுங்கியது தெளியுமுன் இரண்டாம் அடி விழுந்தால் உயிரே போகலாம் என்று மருத்துவர் விளக்கினார். இறைவன் அருளால் பையன் காலையில் தெளிவாக எழுந்தான். எழுந்ததும், "ஏன் சார் நிறுத்தினீர்கள்?" என்று அழுதான். "தாமதமாக நிறுத்தியதற்கு என்னை மன்னித்துவிடு" என்றேன்.

மறுநாள் நான் பொன்மலைக்குப் போனேன். வேப்ப மரம் இருந்தது, கோணிப்பை இல்லை. வீட்டில் வேறு குடும்பம். மாஸ்டர் தம் மக்களோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார் என்று அண்டை வீட்டார் சொன்னார்கள். அவருடைய கூட்டத்தார் பலர் அப்படிக் கடல் கடந்து போனார்கள். முகவரி கிடைக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் நான் சொல்லியிருக்க வேண்டிய ஒரு சொல் என்னிடமே தங்கிவிட்டது.

1987இல் இராயகோபுரம் 236 அடி உயரத்தில் நிறைவு பெற்றது. குடமுழுக்கு முடிந்தபின் என் தந்தையார் என் கையைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "அன்றைக்கு உன் மாஸ்டர் கையைப் பார்த்தேன். துண்டை வீசும்போது அந்தக் கை நடுங்கியது. உன்னை அடித்தவன் கை நடுங்கவில்லை" என்றார். அதை அவர் பதினோராண்டுகள் மனத்தில் வைத்திருந்தார்.

மாணவ நண்பர்களே, நீங்கள் எல்லாரும் மேடை ஏறப் போவதில்லை. ஆனால் தன் வலிமைக்கு மீறி முட்டி மோதும் ஒரு நண்பனுக்கோ தம்பிக்கோ பக்கத்தில் நிற்கும் நாள் உங்களுக்கு வந்தே தீரும். அவன் 'நன்றாக இருக்கிறேன்' என்பான். அப்போது அவன் வாயைக் கேளாதீர்கள், கண்ணைப் பாருங்கள். போதும் என்று சொல்லுங்கள். அவன் உங்களை வெறுக்கக்கூடும். வெறுத்தாலும், வெறுப்பதற்கு அவன் இருப்பான்.

என் மாஸ்டர் இன்று உயிரோடிருந்தால் நூறு வயதைத் தாண்டியிருப்பார். வானொலிக் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று கணக்கிட முடியாது என்பார்கள். ஆகவே இதையும் சொல்லி முடிக்கிறேன்: மூன்று நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, மாஸ்டர். நன்றி.