பம்பியின் ஓசையும் குழாயின் ஒழுக்கும்



காரைதீவிலிருந்து அம்பாறைக்குச் செல்லும் வீதியில், வயல்வெளிகளுக்கிடையே அமைந்திருக்கும் ஊர் மாவடிப்பள்ளி. கல்முனைக் கரையின் ஏனைய ஊர்களைப் போலவே இங்கும் ஒரு காலத்தில் விடியலை அறிவித்தது கப்பியின் கிறீச்சொலி. துலாவும் வாளியும் கயிறுமே அன்றைய நீர்வழங்கற் கருவிகள். மணலில் ஆழமற்ற பூவல் தோண்டி அகப்பையால் முகந்தோரும் உண்டு. இன்று அவ்விடத்தை மின்சாரப் பம்பி பிடித்துக்கொண்டது. கிணற்றடியில் அது இரைய, கூரைக்கு மேலுள்ள தொட்டி நிறைகின்றது. வுழூச் செய்வதற்கும் சோறாக்குவதற்கும் அத்தொட்டி நீரையே நம்பியிருக்கும் வீடுகள் பலவாகும்.

அத்தகைய வீடு ஒன்றை நேயர்கள் மனத்தில் எண்ணிக்கொள்வார்களாக. தாயும் மகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கும் வீடு. மகன் கடல் கடந்து உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கிய பம்பி. ஆவணி மாதத்து வெயிலில் ஒருநாள் அதன் குரல் மாறுகின்றது. சீராக இரைந்துகொண்டிருந்தது, கூழாங்கற்களை விழுங்கியது போலக் கடகடவென ஒலிக்கத் தொடங்குகின்றது. அரைமணியில் நிறைந்த தொட்டிக்கு இப்போது ஒன்றரை மணி வேண்டியிருக்கின்றது. எங்கும் ஒரு சொட்டு நீரும் சிந்தவில்லை. பார்க்க வந்தவர், “உம்மா, மோட்டர் முடிஞ்சுது, புதுசு ஒன்டு எடுத்தாத்தான் சரி வரும்” என்று சொல்லிப் போய்விடுகின்றார். மறுபடியும் மகனுக்கு எழுதிப் பணம் கேட்பதா என்று தாய் கலங்குகின்றாள்.

உண்மையில் மோட்டர் முடிந்துவிட்டதா? பெரும்பாலும் இல்லை.

ஒழுக்கு என்றவுடன் நீர் வெளியே சொட்டுவதையே எல்லோரும் நினைப்பர். பம்பிக்கு இரு பக்கங்கள் உண்டு என்பதை மறந்துவிடுகின்றனர். பம்பியிலிருந்து தொட்டிக்கு ஏறும் குழாயில் நீர் அமுக்கத்தோடு செல்கின்றது. அங்கே வெடிப்பு இருந்தால் நீர் வெளியே வரும். கிணற்றிலிருந்து பம்பிக்கு வரும் குழாயின் நிலை வேறு. பம்பி ஓடும்போது அதற்குள் இருக்கும் அமுக்கம் வெளிக்காற்றின் அமுக்கத்தினும் குறைவானது. ஆகவே அங்கே மயிரிழை அளவு வெடிப்பு இருப்பினும் நீர் வெளியேறாது. காற்றே உள்ளே புகும். முன்னதைக் கண்ணால் கண்டுபிடிக்கலாம். பின்னதைப் பம்பி ஓடும்போது காதுதான் முதலில் கண்டுபிடிக்கும். அவ்வீட்டில் கேட்ட கடகடவென்ற ஓசை, சொட்டாத ஓர் ஒழுக்கின் குரல்.

பம்பி நீரை இழுக்கின்றது என்று சொல்வது வழக்கு. ஆனால் நீரை யாரும் இழுக்க முடியாது. இத்தாலி நாட்டுப் பம்பிகள் ஏறத்தாழ 34 அடிக்கு மேல் நீரை உறிஞ்ச மறுத்த செய்தி, 1638ஆம் ஆண்டு வெளியான கலிலியோவின் நூலிலேயே வருகின்றது. நீண்ட கயிறு தன் பாரத்தால் அறுவது போல நீர்த்தம்பமும் அறுந்துவிடுகின்றது என அப்பேரறிஞர் கருதினார், பேரறிஞரும் தவறுவதுண்டு. அவருடைய மாணாக்கராகிய தொரிசெல்லி, நீரினும் 13.6 மடங்கு அடர்த்தியான இரசத்தைக் கொண்டு செய்த பரிசோதனை உண்மையைக் காட்டியது. கிணற்று நீரின்மேல் வளிமண்டலம் அமுக்குகின்றது. பம்பி குழாயினுள்ளே அமுக்கத்தைக் குறைத்து வழிவிட, வெளிக்காற்றே நீரை மேலே தள்ளுகின்றது. அக்காற்றின் வலிமை, கடல் மட்டத்தில் 34 அடி நீர்த்தம்பத்தைத் தாங்கும் அளவே. நடைமுறையில், கிணற்று மேட்டிலுள்ள பம்பி 25 அடிக்கு மேல் உறிஞ்சுமென எதிர்பார்ப்பது வீண். மாவடிப்பள்ளிப் பக்கத்துக் கிணறுகள் அவ்வளவு ஆழமானவையல்ல என்பது நல்வாய்ப்பு. ஆயினும் கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க, உறிஞ்சுகுழாயில் அமுக்கம் மேலும் குறைகின்றது. மாரியில் வாய் திறவாதிருந்த சிறு வெடிப்பு ஆவணியில் காற்றை வாங்கத் தொடங்குவது இதனாலேயே.

இனி, சோதிக்கும் வழி. முதலில் கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும். குழாயின் அடியில் சல்லடையோடு கூடிய ஒரு வால்வு உண்டு. ஊரார் ‘புட் வால்வு’ என்பர். நீர் மேலே வரும்போது திறந்து, பம்பி நின்றதும் மூடிக் குழாயிலுள்ள நீரைக் கீழே விழாமல் தாங்குவது அதன் வேலை. கோடையில் அது நீருக்கு வெளியே தலைகாட்டுகின்றதா? சல்லடையைப் பாசியோ சருகோ அடைத்திருக்கின்றதா? அடைத்த சல்லடையும் அதே கூழாங்கல் ஓசையைத் தரும். அப்போது உள்ளே இருப்பது வெளிக்காற்றல்ல. அமுக்கம் மிகக் குறைந்தால் நீர் சூடேறாமலே கொதிக்கும். அவ்வாறு பிறந்த ஆவிக்குமிழிகள் பம்பியின் சில்லை அடைந்து நொறுங்கும்போது எழும் ஓசை அது. கப்பல்களின் உந்துசில்லுகள் அரிக்கப்பட்டதன் காரணத்தை ஆராய்ந்த றேலி பிரபு, அக்குமிழிகள் நொறுங்கும் வேகத்தை 1917இல் கணித்துக் காட்டினார். கப்பலின் வெண்கலத்தை அரித்தது, கிணற்றடிப் பம்பியின் மெல்லிய சில்லை விட்டுவைக்குமா?

வால்வும் சல்லடையும் நன்றாயிருந்தால் அடுத்த சோதனை இரவில் தொடங்கும். மின்சாரத்தை முற்றாகத் துண்டித்துவிட்டு, தொட்டிக்கு ஏறும் குழாயின் அடைப்பைப் பூட்ட வேண்டும். பம்பியின் தலையில் நீர் வார்ப்பதற்கென உள்ள திருகாணியைக் கழற்றி, விளிம்புவரை நீர் நிரப்பித் திறந்தபடியே விட வேண்டும். காலையில் நீர் விளிம்பிலேயே நின்றால் உறிஞ்சுபக்கத்தில் குற்றமில்லை. இறங்கியிருந்தால், மீண்டும் நிரப்பிக் குழாய் நெடுகிலும் உலர்ந்த துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். ஓடும்போது காற்றை வாங்கிய வெடிப்பு, நிற்கும்போது நீரைக் கசியவிடும். கள்ளன் தானே வெளிப்படுவான். எந்தப் பொருத்தும் கசியாமல் நீர் மட்டும் இறங்குமாயின், அடிவால்வின் இறப்பரில் மணல் சிக்கியிருக்கின்றது அல்லது அது தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பொறுமையில்லாதவருக்கு வேறொரு வழியும் உண்டு. பம்பி ஓடும்போது, மின்னிணைப்புப் பக்கம் தெறியாமல், ஒவ்வொரு பொருத்தின்மேலும் சவர்க்கார நுரையைத் தடவினால், வெடிப்புள்ள இடத்தில் நுரை உள்ளே இழுபட்டு மறையும். அக்கணமே ஓசையும் சற்று அடங்கும்.

குற்றவாளி பெரும்பாலும் வெயிலில் கிடக்கும் முழங்கைத் துண்டு. ‘எஸ்லோன்’ என்று ஊரில் வழங்கும் பீ.வீ.சீ. குழாய் நெடுங்கால வெயிலில் நொய்ந்துபோகும். போதாக்குறைக்குப் பம்பியின் அதிர்வு ஓயாமல் அதை அசைக்கின்றது. சைக்கிள் தியூப்பை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றினால் இரண்டொரு நாள் தாங்கும். நிலையான பரிகாரம் துண்டை அறுத்தெறிந்து புதியது ஒட்டுவதே. பழைய வெடிப்பின்மேல் பசையைப் பூசிவிட்டுக் கூலி வாங்கிச் செல்வது வேலையன்று. திருகுப் பொருத்தாயின், இழையில் வெள்ளை நாடாவைத் திருகும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்கும்போது அது உருண்டு வெளியே வந்துவிடும்.

இவ்வொழுக்கை அசட்டை செய்தால் என்ன நேரும்? பம்பிக்கும் மோட்டருக்கும் நடுவே, சுழலும் தண்டைச் சுற்றி ஒரு முத்திரை வளையம் உண்டு. உராயும் அதன் இரு முகங்களையும் குளிர்விப்பது பம்பிக்குள்ளிருக்கும் நீரே. காற்று நிறைந்து நீர் குன்றும்போது வளையம் காய்ந்து கருகுகின்றது. அப்பால் நீர் தண்டு வழியே கசிந்து மோட்டரின் குண்டுப்போதிகையை அடைந்து, அதிலுள்ள கிறீசைக் கழுவிவிடுகின்றது. அப்போது எழுவது இரும்போடு இரும்பு உராயும் வீரிடல். முழங்கைத் துண்டில் தொடங்கிய நோய் மோட்டர்வரை ஏறிய கதை இதுதான். பம்பிக்கும் மோட்டருக்கும் இடையே ஈரம் கண்டவுடன் வளையத்தை மாற்றினால் போதிகை பிழைக்கும்.

வேறு ஓசைகளும் உண்டு. சுழலாமல் ‘ம்…’ என்று முனகினால் உடனே ஆளியை நிறுத்த வேண்டும். தொடங்க உதவும் கெப்பாசிட்டர் செத்திருக்கலாம், அல்லது சில்லு துருவேறி இறுகியிருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் கெப்பாசிட்டர் மின்னைத் தேக்கி வைத்திருக்கும். அதை மின்வேலை கற்றவரிடமே விட வேண்டும். நிறுத்தியவுடன் குழாய் ‘டொம்’ என அதிர்ந்தால், ஏறிய நீர் திரும்பி வந்து வால்வில் மோதுகின்றது. வெறும் நடுக்கமாயின் அடியாணிகளை முறுக்கி, கீழே தடித்த இறப்பர்த் துண்டு வைத்தால் அநேகமாக அடங்கும்.

நீர் வெளியேறும் ஒழுக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நொடிக்கு ஒரு சொட்டு வீழும் பைப்பில் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு; 20 சொட்டு ஒரு மில்லிலீற்றர் எனக் கொண்டால் 4 லீற்றருக்கு மேல், ஆண்டுக்கு 1,500 லீற்றருக்கு மேல். மலசலகூடத் தொட்டியின் கள்ள ஒழுக்கு இதனினும் பெரிது. அத்தொட்டியில் உணவுச் சாயம் சிறிது கரைத்துக் கால்மணி நேரம் காத்திருந்தால், கீழே நிறம் தோன்றுவதிலிருந்து அதை அறியலாம்.

மேனாடுகளில் உல்லாசப் பயணம் செல்வோர் சக்கரம் பூட்டிய சிறு வீட்டை மோட்டர் வண்டியின் பின்னே கட்டி இழுத்துச் செல்வர். அதனுள்ளும் தொட்டி, 12 வோல்ற்றுப் பம்பி, பைப் எல்லாம் உண்டு. பைப்பைத் திறந்தவுடன் அமுக்கம் குறைய, அமுக்க ஆளி பம்பியைத் தானே ஓடவைக்கும். எவரும் பைப்பைத் திறவாத நள்ளிரவில் அப்பம்பி திடீரென ஒரு கணம் இரைந்து அடங்கினால், எங்கோ நீர் கசிகின்றது, அல்லது பம்பியின் உள்வால்வு பின்னே விடுகின்றது என்று அவர்கள் அறிவர். தானியங்கிப் பம்பி பூட்டிய கல்முனை வீடுகளுக்கும் அதே விதி பொருந்தும். குளிர்நாட்டில் நீர் உறைந்து விரிவதால் குழாய் வெடிக்கின்றது; இங்கு அவ்வேலையை வெயில் செய்கின்றது.

வீண் ஓட்டம் மின்கட்டணத்தோடு முடிவதில்லை. கடலோர மணலில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே 40 அடிவரை நன்னீர் இருக்கக்கூடும் என்பது நில நீர் நூலார் கணக்கு. மேலே ஓர் அடியை இறைத்துக் குறைத்தால், கீழிருந்து உவர் 40 அடி ஏற முனையும். 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையின் கிணறுகளை உவராக்கிய பின்னர், அவற்றை விரைவில் தூய்மையாக்கும் நோக்குடன் பம்பி பூட்டி மிகையாக இறைத்த சில இடங்களில் உவர் மேலும் ஏறியதும் இதனாலேயே.

மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல். 230 வோல்ற்றும் ஈரத்தரையும் சேர்ந்த இடம் கிணற்றடி. கசியும் பம்பியை வெறுங்காலோடு தொடுவோர், இன்னொரு நாள் தொடுவதற்கு இல்லாமற் போகலாம். புவித்தொடுப்பும் ‘ட்ரிப் சுவிச்’சும் இல்லாத பம்பியை ஓட்டவே கூடாது. 2024 நவம்பரில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியை மேவிய வெள்ளம், மத்ரஸா மாணவரை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தைக் கவிழ்த்து இளம் உயிர்களைக் கொண்டுபோனதை இப்பகுதி மறக்கவில்லை. அவ்வளவு வெள்ளம் ஏறும் மண்ணில் பம்பியை உயர்ந்த மேடையில் வைப்பதே முறை. மூழ்கிய மோட்டரை, அது முற்றாக உலர்ந்து, அறிந்தவர் சோதித்த பின்னரன்றி இயக்கக்கூடாது.

முன்னர் எண்ணிய வீட்டில் மாற்ற வேண்டியிருந்தது ஒரு முழங்கைத் துண்டுதான். மாலையில் அதை ஒட்டினால், பசை இறுகக் காலைவரை விட்டுவிடுவது நன்று. அன்றிரவுத் தேவைக்கு மூலையில் கிடக்கும் வாளியையும் கயிற்றையும் எடுத்துக் கழுவ வேண்டியதே. கயிறு உக்கியிருக்கின்றதா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.