உடைந்த சுக்கான் தண்டு
(பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சட்டத்தரணியாகிய நான் கார்ப் பந்தயம் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் என் வகுப்புத் தோழிகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

1994 மே 1ஆம் திகதி இத்தாலியின் இமோலாவில், பிரேசில் வீரர் அயர்டன் சென்னாவின் கார் தம்புரெல்லோ வளைவில் திரும்பாமல் நேரே சென்று சுவரில் மோதியது. அவர் இறந்தார். காரின் சுக்கான் தண்டு உடைந்து கிடந்தது. உள்ளே இடம் நெருக்கமாயிருக்கிறது என்று அவர் முன்னரே முறையிட்டதால், வில்லியம்ஸ் குழுவினர் அத்தண்டை வெட்டி, விட்டம் குறைந்த துண்டொன்றை இடையில் வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள். மோதியதால் உடைந்ததா, உடைந்ததால் மோதியதா? வழக்கின் பெரும்பகுதி இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தது.

"ஆபத்தென்று தெரிந்துதானே ஏறினார்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஓட்டுநர் ஏற்றுக்கொள்வது வேகத்தின் ஆபத்தை. பட்டறையில் விட்ட பிழையையும் அவர் ஏற்றுக்கொண்டார் என்று எப்படிச் சொல்வது?

கவனயீனத்தால் மரணம் விளைவித்ததாக ஆறு பேர்மீது 1997இல் விசாரணை தொடங்கியது. அவ்வாண்டு டிசெம்பரில் அனைவரும் விடுதலை. தண்டு உடைந்ததே பெரும்பாலும் காரணம் என்று கண்ட நீதிபதியும், குற்றம் இன்னாருடையது என நிரூபிக்கப்படவில்லை என்றார். 1999இல் மேன்முறையீட்டிலும் அதே முடிவு. 2003இல் உச்ச நீதிமன்றம் இரு பொறியியலாளரின் வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2005இல் ஏட்ரியன் நியூவி விடுதலையானார். பற்றிக் ஹெட்டின் வழக்கோ காலங்கடந்துவிட்டது. 2007 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம், மாற்றம் மோசமாக வடிவமைக்கப்பட்டுச் செய்யப்பட்டது, அதைச் சரிபார்க்கத் தவறியவர் ஹெட் என்று சொன்னது. தண்டனை இல்லை.

எமது நாட்டில் கொலையும் தேசத்துரோகமும் தவிர்ந்த குற்றங்களுக்கு 20 ஆண்டு அவகாசம் உண்டு. கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவில் வருகிறது. ஐந்தாண்டு வரை சிறை.

"சரிபார்க்கத் தவறியவர்" என்று வாசித்தபோது எனக்கு எங்கள் தையல் ரீச்சர்தான் நினைவுக்கு வந்தார். துணியின் முன்பக்கத்தை அவர் பார்த்ததேயில்லை. புரட்டிப் பின்பக்கத்தைப் பார்ப்பார், பிரி என்பார். எத்தனை நாள் அழுதிருப்போம்!

இன்று உங்களில் பலர் பொறியியலாளர்கள், வைத்தியர்கள். வேறொருவர் செய்த வேலைக்குக் கீழே கையெழுத்திடுகிறீர்கள். நியூவி 2017இல் வெளியிட்ட தம் நூலில், தண்டு உடைந்ததுதான் காரணம் என்று தாம் நம்பவில்லை என்கிறார். ஆனால் அந்தத் தண்டின் வேலை மோசமானது என்பதை மறுக்கவில்லை. அந்தக் காரின் காற்றியக்க வடிவமைப்பில் தாம் விட்ட பிழையே இன்றும் உறுத்துகிறது என்றும் எழுதுகிறார். நீதிமன்றம் அவரை விடுதலை செய்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.