புறா எச்சமும் மூளைப் பூஞ்சையும்

(பொதுக்குழுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் மருத்துவர் பேசியது)

டக்ட்டில் புறா வலை போடலாமா வேண்டாமா என்று வாட்ஸ்அப் குழுவில் இரண்டு மாதமாகச் சண்டை. புறா எச்சம் மூளையைத் தின்றுவிடும் என்று ஒரு ஃபார்வர்டும் வந்தது. அதனால்தான் செயலாளர் சார் என்னைப் பேசச் சொன்னார்.

அதில் கொஞ்சம் உண்மை உண்டு. காய்ந்த எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை வளரும். தூசியோடு நுரையீரலுக்குப் போகும். நம்மில் பலர் ஏற்கெனவே சுவாசித்திருப்போம், உடம்பே அடக்கிவிடும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. எச்.ஐ.வி. உள்ளவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், இவர்களுக்குத்தான் பெரும்பாலும் மூளை உறை வரை போகும்.

நான் வேலையில் இருந்தபோது சிறுநீரக மாற்று செய்த ஒருவர் வந்தார். மூன்று வாரத் தலைவலி, லேசான காய்ச்சல். சைனஸ் மாத்திரை கொடுத்தார்கள், கண்ணாடி மாற்றினார்கள். சி.டி. ஸ்கேன் நார்மல் என்றதும் வீட்டில் நிம்மதி. இந்த நோயில் ஸ்கேன் நார்மலாகவே இருக்கலாம். பிறகு வாந்தி, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கணும் என்றார்கள். கால் விளங்காமல் போய்விடும் என்று யாரோ சொல்ல, அவர் மனைவி மறுத்துவிட்டார். இரண்டு நாள் அப்படியே போனது.

கடைசியில் அந்த நீர் என் மேஜைக்கு வந்தது. ஒரு சொட்டு இந்தியா இங்க் கலந்து பார்த்தேன். கறுப்புப் பின்னணியில் ஒவ்வொரு பூஞ்சையைச் சுற்றியும் வெள்ளை வளையம். இப்போது கர்ப்பப் பரிசோதனைப் பட்டை மாதிரி ஆன்டிஜன் பட்டை இருக்கிறது. பத்து நிமிடத்தில் சொல்லிவிடும், மையைவிட நம்பகமானது.

பயந்த அந்த ஊசியே சிகிச்சையும்கூட. மண்டைக்குள் அழுத்தம் ஏறித்தான் பார்வை போகிறது; நீரை எடுத்தால் அழுத்தம் இறங்கும். அவருக்குப் பலமுறை எடுத்தார்கள். ஆம்ஃபோடெரிசின் ஊசி, ஃப்ளூசைட்டோசின், பிறகு மாதக்கணக்கில் ஃப்ளூகோனசோல் மாத்திரை. எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு ஒரே ஒரு பெரிய டோஸ் லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசினோடு மாத்திரைகள் போதும் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. இவர் பிழைத்தார். ஒரு கண் பார்வை முழுசாகத் திரும்பவில்லை. அந்த இரண்டு நாளை நான் இன்னும் நினைப்பதுண்டு.

வலைக்கு என் ஓட்டு உண்டு. மொட்டை மாடியில் அரிசி போடுபவர்கள் கோபிக்க வேண்டாம். ஆனால் டக்ட்டைக் காய்ந்தபடி பெருக்கும் அம்மாவை யாரும் பேசவில்லையே? தண்ணீர் தெளித்து ஊறிய பிறகு அள்ளச் சொல்லுங்கள். அவருக்கு என்-95 மாஸ்க்கும் கையுறையும் இந்த மாதப் பராமரிப்புக் கணக்கிலேயே வாங்கிவிடலாம், பொருளாளர் சார்.