தோப்பில் தப்பிச்ச தென்னையும் கடலில் தப்பிச்ச பவளமும்

இன்றைக்கு நாம கடலுக்குள்ள போகப் போறோம். ஆனா கிளம்புற இடம் மலையடிவாரம்.

போன லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தென்காசி பக்கம் அச்சன்புதூர். பெரியப்பாவோட தென்னந்தோப்புல வாடல் நோய். கேரளாவில் நூறு வருஷத்துக்கும் மேல இருக்கிற நோய் இது. மலையைத் தாண்டி நம்ம பக்கமும் வந்திருச்சு. கீற்றெல்லாம் விலா எலும்பு மாதிரி உள்பக்கமா வளைஞ்சு, மஞ்சளடிச்சு, ஓரம் கருகி நிக்குது. இதை ஒரேயடியா குணப்படுத்துற மருந்து கிடையாது. பெரியப்பா என்னைக் கூட்டிட்டுப் போய் வாய்க்கால் ஓரத்தைக் காட்டினார். "அந்த ரெண்டு மரத்தைப் பாருடே. சுத்தி நிக்கிற எல்லாத்துக்கும் வந்திருச்சு, அதுக்கு வரல. இனிமே நெத்து அதுல இருந்துதான் எடுக்கணும்."

காசர்கோட்டில் இருக்கிற மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் செய்ததும் இதைத்தான். நோய் பரவிக் கிடக்கிற பகுதிக்கே போய், அங்கே நல்லா நிக்கிற மரங்களைத் தேடித் தாய்மரமா எடுத்தாங்க. கல்பரக்‌ஷா, கல்பஸ்ரீ ரகங்கள் வந்தது அப்படித்தான்.

சரி, இதுல கடல் எங்க வந்துச்சு? குற்றாலத்தில் நம்ம தலையில் விழுற தண்ணி சிற்றாறா ஓடி, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் சேர்ந்து, புன்னைக்காயலில் கடலில் கலக்குது. அந்தக் கடல்தான் மன்னார் வளைகுடா. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் 21 தீவுகள், அதைச் சுற்றிப் பவளப்பாறை. 1986-ல் இதைத் தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க.

பவளம் செடியும் இல்லை, கல்லும் இல்லை. அது ஒரு விலங்கு. பாலிப்னு சொல்ற குட்டி உயிர்கள் ஆயிரக்கணக்கில் கூட்டா வாழ்ந்து, சுண்ணாம்பால் தங்களுக்கு வீடு கட்டிக்கும். அதோட உடம்புக்குள்ள நுண்ணிய பாசி குடியிருக்கும். பாசி வெயிலை வாங்கிச் சமைச்சுப் போடும், பவளம் இடம் கொடுக்கும். கடல் சூடு அளவுக்கு மேல ஏறினா இந்த ஏற்பாடு உடைஞ்சு, பவளம் பாசியை வெளியே தள்ளிடும். நிறம் போய் வெள்ளையா நிக்கும். இதுதான் வெளிறல். சூடு சீக்கிரம் தணிஞ்சா பிழைக்கும், இல்லைன்னா பட்டினியில் செத்துரும்.

தூத்துக்குடியில் இருக்கிற சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜே.கே. பேட்டர்சன் எட்வர்டும் அவரோட குழுவும் இந்தத் தீவுகளில் வருஷக்கணக்கா முங்கி அளந்துட்டு வர்றாங்க. அவங்க கணக்குப்படி, 2005-ல் உயிருள்ள பவளத்தின் பரப்பு சுமார் 37 சதவீதம். அதுக்கு முன்னாடி, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி எடுத்துட்டு இருந்தாங்க. பூவரசன்பட்டி, விலாங்குசல்லின்னு ரெண்டு தீவு கடலுக்குள்ளேயே போயிருச்சு. வெட்டுறது நின்னதும் 2009-ல் பவளப் பரப்பு 43 சதவீதம் வரை ஏறுச்சு. கையை எடுத்தாலே கடல் தானா எழுந்து வரும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அப்புறம் 2010-ல் ஒரு பெரிய வெளிறல். 2016-ல் அதைவிடப் பெருசு. அந்த ஒரே வருஷத்தில் 39-ஐ ஒட்டி இருந்தது 23-க்கும் கீழே வந்துருச்சு.

அடி எல்லாருக்கும் ஒரே மாதிரி விழல. கிளை கிளையா வேகமா வளர்ற அக்ரோபோரா அதிகம் செத்தது. உருண்டையா, மெதுவா வளர்ற போரைட்டீஸ் தாக்குப்பிடிச்சது. சூடு போக நோயும் இருக்கு. பக்கத்துப் பாக் விரிகுடாவில் கருப்புப் பட்டை நோயைப் பதிவு செஞ்சிருக்காங்க. பவளத்து மேல கருப்பா ஒரு கோடு நகரும். அது பாக்டீரியாக்கள் சேர்ந்த ஒரு படலம். ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர்தான். ஆனா அது தாண்டின இடத்தில் வெறும் எலும்புதான் மிஞ்சும்.

இப்ப மரபணுவுக்கு வருவோம். 2011-ல் ஜப்பானில் ஒகினாவா விஞ்ஞானிகள் ஒரு அக்ரோபோரா பவளத்தின் முழு மரபணுத் தொகுப்பையும் முதல் தடவையா வாசிச்சாங்க. நம்மைப் போல, வந்த நோயை ஞாபகம் வெச்சு ஆன்டிபாடி தயாரிக்கிற ஏற்பாடு பவளத்துக்குக் கிடையாது. பிறவியிலேயே கிடைச்ச காவல் மட்டும்தான். அந்தக் காவலுக்கான மரபணுக்கள் எதிர்பார்த்ததைவிட நிறைய இருந்துச்சு. அப்போ ஒரே இனத்திலேயே ஒண்ணுக்கு நல்ல காவலும் இன்னொண்ணுக்குச் சுமாரான காவலும் இருக்கலாம் இல்லையா?

இதைத்தான் ஸ்டீவன் வால்மர் கரீபியன் கடலில் தேடினார். அங்கே மான்கொம்புப் பவளத்தை வெள்ளைப் பட்டை நோய் 1970-களின் கடைசியில் இருந்து துடைச்சு எடுத்துருச்சு. அவரும் டேவிட் கிளைனும் பனாமாவில் நோய்ப்பட்ட துண்டை நல்ல பவளத்தோட ஒட்ட வெச்சு, யாருக்கு நோய் வருதுன்னு பார்த்தாங்க. 2008-ல் முடிவு வந்துச்சு: சுமார் 6 சதவீதத்துக்கு நோய் வரவே இல்லை. வாய்க்கால் ஓரத்து ரெண்டு தென்னை! 2023-ல் வால்மர் குழு, எதிர்ப்புச் சக்தியோட சேர்ந்து வர்ற 10 மரபணுப் பகுதிகளைக் கண்டுபிடிச்சது. அதாவது, நோயைக் கொடுத்துப் பார்க்காமலே, சின்னத் துணுக்கை எடுத்து டெஸ்ட் பண்ணி, இது எவ்வளவு தாங்கும்னு ஒரு மதிப்பெண் போடலாம்.

இது நமக்கு ஏன் முக்கியம்? 2002-ல் இருந்தே மன்னார் வளைகுடாவில் பவளத்தை நட்டுட்டு வர்றாங்க. நல்ல பவளத்தில் இருந்து துண்டு எடுத்து, கான்கிரீட் சட்டத்தில் கட்டி, கடலடியில் வைப்பாங்க. பதியன் போடுற மாதிரிதான். ஆனா ஒரே பவளத்தில் இருந்து நூறு துண்டு எடுத்து நட்டா, பார்க்க நூறு, மரபணுக் கணக்கில் ஒண்ணுதான். நம்ம வேலையில் சொல்வோமே, பத்து பேக்கப் எடுத்து பத்தையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வெச்ச கதை. அந்த ஒண்ணுக்கு ஒத்துக்காத நோய் வந்தா மொத்தமும் காலி.

அப்படின்னா தாங்குற பவளத்தை மட்டும் தேடி நட்டுட்டா போதுமா? அங்கதான் ஒரு சிக்கல். எரின் முல்லரும் கூட இருந்தவங்களும் ஃபுளோரிடாவில் 2018-ல் ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. சாதாரண நாளில் நோயைத் தாங்கின பவளத்தில் சிலது, வெளிறின சமயத்தில் அந்தச் சக்தியை இழந்துருச்சு. சூட்டைத் தாங்குற பவளம் நோயையும் தாங்கும்னு உறுதி கிடையாது. நோயைத் தாங்குறது சூட்டில் விழலாம். அதனால ஒரே ஒரு சாம்பியனைத் தேர்ந்தெடுக்குறது ஆபத்து. பல தாய்கள் வேணும். பவளங்கள் முட்டையும் விந்தும் கடலில் கொட்டுற அந்தச் சில ராத்திரிகளில், விதவிதமான மரபணுக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாத்தான் புதுச் சேர்க்கை பிறக்கும்.

கரீபியன் பவளத்துக்குப் போட்ட மதிப்பெண்ணை அப்படியே தூக்கி நம்ம பவளத்துக்குப் போட முடியாது. இனம் வேற, கடல் வேற, நோய் வேற. ஆனா முதல் படிக்கு லேப் கூட வேண்டாம். ஒவ்வொரு பவளத்துக்கும் ஒரு அடையாளம் கொடுத்து, எது வெளிறுச்சு, எது தப்பிச்சது, எது நோயில் விழுந்துச்சுன்னு வருஷா வருஷம் எழுதி வெச்சாலே, அடுத்த துண்டை எதுல இருந்து எடுக்கணும்னு தெரியும். அவசரமும் இருக்கு. செத்துப்போன பவளத்தோட அதன் மரபணுவும் போயிரும், திரும்பத் தேட முடியாது. அந்தப் பாறையை நம்பித்தான் மீன் இருக்கு, மீனை நம்பித்தான் கரையில் இருக்கிறவங்க வலையோட போறாங்க.

ஊரில் இருந்து கிளம்புறப்ப பெரியப்பாகிட்ட கேட்டேன், "அந்த ரெண்டு மரத்து நெத்தையே தோப்பு முழுக்க நட்டுரலாமா?" அவர் சிரிச்சார். "ரெண்டை நம்பித் தோப்பு வைக்க முடியுமாடே? அடுத்த தோப்புக்காரன்கிட்டயும் நாலு மரம் தப்பிச்சு நிக்கி. அதுலயும் கேட்டிருக்கேன்."

அவ்வளவுதான் மக்களே. உங்க ஊர்ப் பக்கம் தப்பிச்சு நிக்கிற மரமோ பயிரோ இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.