பறக்கும் பொறிக்கும் தாய்மொழி வேண்டும்

(மேனிலைப்பள்ளி ஒன்றின் அறிவியல் மன்ற விழாவில் ஆற்றிய உரை)



'தமிழாசிரியனுக்கும் வானூர்திக்கும் என்ன தொடர்பு?' என்று உங்களுள் சிலர் புன்முறுவலோடு நோக்குவதைக் காண்கின்றேன். இலக்கணமும் இலக்கியமும் அன்றிப் பிறிதொன்றும் அறியாதவன் நான் என்று எண்ணுகின்றீர்கள். அவ்வெண்ணம் பெரிதும் பிழையன்று. ஆயினும், மின்னாற்றலால் பறக்கும் சிறு போர்வானூர்தி ஒன்று வயலில் விழுந்து நொறுங்கியதை நான் நேரிற் கண்டேன். அது விழுந்ததற்குரிய கரணியம் மொழியோடு தொடர்புடையது என்பதையும் கண்டேன். அதனைச் சொல்லவே இங்கு வந்து நிற்கின்றேன்.

என் மாணவன் ஒருவன், பதினொன்றாம் வகுப்பினன், இசுபிட்பயர் என்னும் ஆங்கிலேயர் போர்வானூர்தியைப் பத்தில் ஒரு பங்களவில் செய்தான். மிட்செல் என்னும் பொறியறிஞர் வகுத்து, 1936ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் முதன்முதற் பறந்த ஊர்தி அது. அதன் சிறகுகளின் அகலம் 11 மீட்டருக்குச் சற்று மிகுதி. மாணவன் செய்ததோ 112 சென்றிமீட்டர். நுரைப்பலகையை அறுத்தான், தேய்த்தான், ஒட்டினான், நான்கு திங்கள் மாலைப்பொழுதுகளை அதற்கே ஈந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுவடை முடிந்த வயலில் அதனைக் கையால் வீசி எறிந்தான். எழுந்தது. காற்று அதனை இடப்பக்கம் சாய்த்தது. அவன் வலப்பக்கம் திருப்பினான். ஊர்தி மேலும் இடப்பக்கமே சாய்ந்தது. அஞ்சி, இன்னும் அழுத்தி வலப்பக்கம் திருப்பினான். ஊர்தி தலைகீழாய்ப் புரண்டு மண்ணில் மூக்கைப் புதைத்தது. எல்லாம் ஐந்தாறு நொடிகள். நான்கு திங்கள் உழைப்பு ஒரு கூடைத் துண்டுகளாயிற்று.

மறுநாள் அவனை அழைத்து, என்ன நேர்ந்தது என்று கேட்டேன். "எயிலரான் இரிவர்சு ஆகிவிட்டது ஐயா" என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எனக்கு விளங்கும்படி தமிழிற் சொல்லப்பா" என்றேன். சொல்லத் தொடங்கினான், தயங்கினான், நின்றுவிட்டான். "சிறகின் ஓரத்தில் ஒரு மடல் இருக்கிறது ஐயா. அது அசையும்" என்றான். "வலப்பக்கம் சாயவேண்டுமானால் எந்தச் சிறகின் மடல் எழவேண்டும்?" என்று கேட்டேன். விடையில்லை. பறக்கவிடுமுன் அவன் மடல்கள் அசைவதைப் பார்த்திருக்கிறான். அசைந்ததே போதும் என்று அமைந்துவிட்டான். எப்பக்கம் அசையவேண்டும் என்பதை அவன் கேட்டுக்கொள்ளவே இல்லை.

பெருமக்களே! அச்சிறுவனுக்கு அறிவு குறைவா? இல்லை. உழைப்புக் குறைவா? அதுவும் இல்லை. அவன் வாயில் ஒரு பெயர் இருந்தது. அப்பெயருக்குள் வினை இல்லை. பொருள் விளங்காத சொல்லை மனப்பாடம் செய்தவன், பொருளையே அறிந்துவிட்டதாக மயங்கினான். அம்மயக்கந்தான் ஊர்தியை வீழ்த்தியது.

அன்று மாலை இருவரும் உட்கார்ந்து உறுப்புகளுக்கெல்லாம் பெயரிட்டோம். சிறகோரத்தில் உள்ளது சாய்மடல், ஊர்தியைச் சாய்ப்பது. வாலிற் கிடையாக உள்ளது ஏற்றமடல். மூக்கை ஏற்றுவதும் இறக்குவதும் அதன் தொழில். வாலில் நெடுக்காக நிற்பதைச் 'சுக்கான்' எனலாமா என்றான். அது அரபுச் சொல்லப்பா என்றேன். திருப்புமடல் என்று வைத்தோம். கையிலிருந்து ஏவலை அனுப்புவது அலைபரப்பி. ஊர்திக்குள் ஏற்பது அலைவாங்கி. ஏவியபடி மடலை அசைப்பது ஏவற்பொறி. முன்னால் இழுப்பது உந்துசுழலி. அதனைச் சுழற்றுவது மின்னோடி.

பெயர் வைத்தவுடன் தொழில் தானே வெளிப்பட்டது. வலப்பக்கம் சாய, வலச்சிறகின் சாய்மடல் எழவேண்டும், இடச்சிறகினது இறங்கவேண்டும். மடல் எழுந்த சிறகில் தூக்குவிசை குறையும். இறங்கிய சிறகில் மிகும். ஆகவே ஊர்தி வலப்பக்கம் சாயும். இதனை ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். ஆறாம் வகுப்புப் பயிலும் அவன் தங்கை, ஊர்தியின் பின்னால் நின்று அத்தாளைப் படித்துப் படித்துச் சரிபார்த்தாள். ஆங்கிலப் பெயர்களால் ஆகாத காவலை அச்சிறுமியின் தமிழ் செய்தது.

இனி, அவன் எனக்குக் கற்பித்தவற்றுட் சில. நீளத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால், சிறகின் பரப்பு நூறில் ஒன்றாகும். எடையோ ஆயிரத்தில் ஒன்றாகும். 2600 கிலோ எடையுள்ள பேரூர்தி 2.6 கிலோவாகும். நுரைப்பலகையாற் செய்ததால் அவனுடையது 900 கிராமே இருந்தது. பேரூர்தியின் சிறகில் ஒரு சதுர மீட்டர் தாங்குவது ஏறத்தாழ 116 கிலோ. சிற்றூர்தியில் 4 கிலோ. அதனாலன்றோ அது மணிக்கு முப்பது கிலோமீட்டர் அளவிலும் வானில் நிற்கின்றது!

மூலத்தில் மூக்கினுள் 600 கிலோவுக்கு மேற்பட்ட எந்திரம் இருந்தது. சிற்றூர்தியின் மின்னோடியோ கைக்குள் அடங்குவது. ஆகவே மின்கலத்தை மூக்கை நோக்கித் தள்ளி வைத்தால்தான் எடை நிகர்நிற்கும். சிறகின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால்பங்குக்கும் மூன்றிலொரு பங்குக்கும் இடையில் விரல்நுனிகளை வைத்துத் தூக்கினால், ஊர்தி கிடையாக நிற்கவேண்டும். வால் தாழ்ந்தால் பறக்கவிடாதே. அது எவர் கைக்கும் அடங்காது.

மூன்றறை கொண்ட இலித்தியம் மின்கலம் 11.1 வோல்ட் தருவது. 2200 மில்லி ஆம்பியர்மணி கொள்ளளவுள்ளது, 15 ஆம்பியர் ஈர்த்தால் எட்டு மணித்துளிகளுக்குச் சற்று மேல் தாங்கும். ஐந்தில் ஒரு பங்கை எஞ்சவிட்டு, ஏழாம் மணித்துளியில் இறக்கிவிட வேண்டும். ஓர் அறை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறினாலும், குத்துப்பட்டாலும் தீப்பற்றக்கூடும். மின்னேற்றும்போது அருகிருந்து காக்கவேண்டும். வானூர்தி நிலையத்தை அடுத்த வான்வெளியில் இசைவின்றிப் பறக்கவிடல் ஆகாது. கண்ணுக்கெட்டும் தொலைவைக் கடத்தலும் ஆகாது. மக்கள் தலைக்கு மேல் ஒருபோதும் ஆகாது.

இக்கலை நேற்று முளைத்ததன்று. 1871இல் பிரெஞ்சுக்காரர் பெனோ, முறுக்கிய மீள்மத்தால் ஒரு சிற்றூர்தியைப் பதினொரு நொடி பறக்கவைத்தார். 1898இல் தெசுலா கம்பியின்றிச் சிறு படகை ஏவிக் காட்டினார். 1957இல் இங்கிலாந்தில் தாப்ளின் என்பார், வானலையால் ஏவப்பட்ட சிற்றூர்தியை மின்னாற்றலாற் பறக்கவிட்டார்.

இங்கே என் நெஞ்சை உறுத்திய வினா ஒன்றுண்டு. கொல்லும் ஊர்தியின் வடிவைச் சிறுவர் கையில் தரலாமா? விளையாட்டுக்கும் போருக்கும் இடையிலுள்ள சுவர் மெல்லியது. ஆலிவுட்டு நடிகர் இரெசினால்டு டென்னி 1930களில் சிற்றூர்திக் கடை நடத்தியவர். அவர் தொடங்கிய நிறுவனமே இரண்டாம் உலகப்போரில், சுட்டுப் பழகுவதற்குரிய ஆளில்லா ஊர்திகளை ஆயிரக்கணக்கில் படைக்கு ஆக்கித் தந்தது. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் சப்பானிய ஊர்திகள் திருகோணமலையைத் தாக்கின. 1995 சூலை 9ஆம் நாள் யாழ்ப்பாணத்து நவாலியில், கிறித்தவக் கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்த நம் மக்கள்மேல் வானிலிருந்து குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வானூர்தியின் இரைச்சல் கேட்டால் பதுங்குகுழி தேடிய தாய்மார் நம் இனத்தவர். இதனை நான் அம்மாணவனிடம் மறையாமற் சொன்னேன்.

நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "அப்படியானால் இதைச் செய்யக்கூடாதா ஐயா?" என்றான். "செய். ஆனால் எதைச் செய்கிறாய் என்று அறிந்து செய்" என்றேன். சாய்மடலின் பெயரை அறிந்து தொழிலை அறியாதது முதற்பிழை. ஊர்தியின் அழகை அறிந்து, அது செய்த வினையை அறியாதிருந்தால் அது அதனினும் பெரும்பிழை. அறியாமல் ஆள்பவன் கையில் விளையாட்டும் கேடாகும். அறிந்தவன் கையில் போர்க்கருவியின் வடிவமும் பாடமாகும்.

துண்டுகளை ஒட்டி, ஆறு கிழமை கழித்து மீண்டும் அவ்வயலுக்கே சென்றோம். தங்கை தாளைப் படித்தாள். "வலம் சாய வலமடல் எழும்!" எழுந்தது. ஊர்தி வானேறி, வளைந்து, ஏழாம் மணித்துளியில் வைக்கோல்மேல் இறங்கியது. அவன் துள்ளிக் குதிக்கவில்லை. ஓடிச்சென்று முதலில் மின்கலத்தைக் கழற்றினான். அப்போதுதான் அவன் கற்றுவிட்டான் என்று தெளிந்தேன்.

பெற்றோரே! உங்கள் பிள்ளைகள் பொறி செய்யட்டும், பறக்கவிடட்டும். ஒன்றே ஒன்று வேண்டுவேன். அது எவ்வாறு பறக்கிறது என்று உங்களிடம் தமிழிற் சொல்லச் சொல்லுங்கள். எங்கே அவர்கள் நாத் தடுமாறுகிறதோ, அங்கே ஒரு திருகு தளர்ந்திருக்கிறது என்று கொள்ளுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க அறிவு!