ஒரு போதைக்கு இன்னொரு போதையா?

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை ஊழியர்கள் சார்பில் கொடுக்கப்பட்ட செய்தி)



மணிப்பூர் மலைப்பகுதியில் நாங்கள் செய்துவரும் மருத்துவப் பணியை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கி வருகிறீர்கள். சென்ற ஆண்டு அறிக்கையில் 'மாற்று மருந்துச் சிகிச்சை' என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தோம். அதைப் பார்த்துச் சிலர் கடிதம் எழுதினீர்கள். "போதைக்கு அடிமையானவனுக்கு மிஷன் ஆஸ்பத்திரியே போதை மருந்து கொடுக்கிறதா? எங்கள் காணிக்கை இதற்கா போகிறது?" என்று ஒரு பெரியவர் நேராகவே கேட்டிருந்தார். பணம் கொடுக்கிறவர்கள் கேட்கவேண்டிய கேள்விதான் அது.

மணிப்பூர் பர்மாவின் எல்லையில் இருக்கிறது. எல்லைப் பட்டணமான மோரேயில் நம்முடைய தமிழ் ஜனங்களும் உண்டு. 1962க்குப் பிறகு பர்மாவில் பிழைப்பை இழந்து வந்து அங்கே தங்கிவிட்ட குடும்பங்கள் அவை. அந்த எல்லை வழியாகத்தான் 1980களின் தொடக்கத்தில் வெள்ளை ஹெராயினும் வந்தது. அங்கே அதற்கு 'நம்பர் ஃபோர்' என்று பெயர். படித்த பிள்ளைகளும் சபைக் குடும்பங்களின் பிள்ளைகளும் அதற்குள் விழுந்தார்கள். ஒரே ஊசியைப் பலர் போட்டுக்கொண்டார்கள். ஊசி போடுகிறவர்களிடம் 1989ன் நடுப்பகுதி வரை காணப்படாத எச்.ஐ.வி. கிருமி, ஓராண்டு முடிவதற்குள் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் காணப்பட்டது. ஜனங்கள் பயந்துபோனார்கள். பெற்றோரே பிள்ளைகளைச் சிறையில் அடைக்கச் சொன்னார்கள். ஆயுதக் குழுக்கள் காலில் சுட்டதும் உண்டு. சபைகள் முகாம் நடத்தின; ஜெபித்து, பூட்டி வைத்து, மருந்து இறங்கும்வரை காவல் இருந்தன. அன்பினால் செய்ததுதான்.

முகாமில் இருந்து வெளியே வருகிறவனுக்கு என்ன நடக்கிறது என்பதை மட்டும் சற்று விளக்கவேண்டும். ஹெராயின் மூளையில் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. நாளுக்கு நாள் உடல் அதற்குப் பழகி, அதிக அளவைத் தாங்கக் கற்றுக்கொள்கிறது. நிறுத்தினால் எலும்பு வலி, வயிற்றுப்போக்கு, வாந்தி, தூக்கமின்மை. ஒரு வாரம் பத்து நாளில் இவை அடங்கிவிடும். ஆனால் வேட்கை அடங்குவதில்லை. அது மாதங்கள், சிலருக்கு வருஷங்கள் நிற்கிறது. இதற்குள் தாங்கும் சக்தி போய்விடுகிறது. வெளியே வந்தவன் ஒரு பலவீனமான நேரத்தில் பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுவிடும்.

ஒரு தாயாரைச் சொல்லுகிறோம். இரண்டு மகன்கள், இருவரும் ஊசிக்கு அடிமைகள். மூத்தவன் முகாம் முடித்துச் சாட்சி சொல்லி வீடு திரும்பி, அந்த வாரத்திலேயே மரித்துப்போனான். அடக்கம் முடிந்த பின் இளையவனை அந்த அம்மாவே கையைப் பிடித்து எங்கள் மையத்திற்குக் கூட்டி வந்தார்கள்.

நாங்கள் கொடுப்பது பியூப்ரநார்பின் என்னும் மாத்திரை. நாக்கின் அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். ஹெராயின் ஒட்டும் அதே இடங்களில் இது போய் அமர்ந்துகொள்கிறது, ஆனால் அரைகுறையாகத்தான் வேலை செய்கிறது. வலியும் வேட்கையும் அடங்கும். பழகிய உடலில் மயக்கம் ஏறுவதில்லை. ஒரு வேளை மருந்து ஒரு நாளுக்குப் போதும். ஹெராயினோ சில மணி நேரத்தில் இறங்கிவிடும், அதனால்தான் அவன் நாளெல்லாம் பணத்திற்கு அலைகிறான். முதல் மாத்திரையைக் கொடுக்க, நோயாளிக்கு நடுக்கமும் கொட்டாவியும் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் இந்த மருந்தே அவனைக் கடும் வேதனையில் தள்ளிவிடும். வாயில் ஒளித்து வெளியே கொண்டுபோய் ஊசியில் ஏற்றுகிறவர்களும் உண்டு. ஆகையால் நர்ஸ் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்து, கரையும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். இதுவும் ஓபியம் வகை மருந்துதான். அதை உங்களிடம் மறைக்கவில்லை. தூக்க மாத்திரையோ சாராயமோ சேர்த்தால் ஆபத்து என்பதையும் ஒவ்வொருவரிடமும் சொல்லுகிறோம்.

இந்த முறை புதிதும் அல்ல. 1960களின் நடுவில் நியூயார்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் மெத்தடோன் என்ற மருந்தைக் கொண்டு தொடங்கினார்கள். 2005ல் உலக சுகாதார நிறுவனம் இவ்விரு மருந்துகளையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2017ல் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மெத்தடோன் சிகிச்சையில் இருந்த காலத்தில் 1000 பேருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 11 மரணங்கள். சிகிச்சைக்கு வெளியே இருந்த காலத்தில் சுமார் 36.

அந்த இளைய மகன் மாத்திரையில் நிலைத்தான். கொத்தனாருக்குக் கையாளாக வேலைக்குப் போனான். சபைப் பாட்டுக்குழுவில் மறுபடியும் சேர விரும்பினபோது, "மாத்திரையை விட்டுவிட்டு வா" என்றார்கள் மூப்பர்கள். விட்டான். இரண்டு மாதத்திற்குள் கையில் சீழ்க்கட்டியோடு எங்களிடம் திரும்பி வந்தான். உயிரோடு வந்தானே என்று தேவனுக்கு நன்றி சொன்னோம்.

பிறகு நாங்கள் அந்த மூப்பர்களைப் போய்ப் பார்த்தோம். ஐந்து பேர். அவர்களில் ஒருவர் பதினைந்து வருஷமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். பேச்சை எடுக்க அதுவே வசதியாயிற்று. "எத்தனை நாள் கொடுப்பீர்கள்?" என்று கேட்டார்கள். சிலருக்கு ஓரிரண்டு வருஷம், சிலருக்கு நெடுங்காலம், நிறுத்துவதானால் மெதுவாகக் குறைத்து நிறுத்துவோம் என்றோம். நல்ல சமாரியன் எண்ணெய் வார்த்ததோடு போகாமல், சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, மேற்செலவுக்கும் பொறுப்பேற்றதை ஒரு மூப்பரே நினைவுபடுத்தினார். மூன்று பேர் ஒத்துக்கொண்டார்கள். இருவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அவர்களோடு சண்டையில்லை. வாலிபன் இப்பொழுது பாட்டுக்குழுவில் இருக்கிறான், மாத்திரையிலும் இருக்கிறான்.

மாத்திரை அரசாங்கத்தின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூலம் இலவசமாக வருகிறது. ஆகவே உங்கள் காணிக்கை மருந்து வாங்கப் போகவில்லை. சீழ்க்கட்டிகளுக்குக் கட்டுப்போடும் துணி, வண்டிக்கு டீசல், ஆலோசகரின் சம்பளம், இவற்றிற்குத்தான் போகிறது. 2023 மே மாதத்தில் கலவரம் மூண்டபோது மலைக்கும் இம்பாலுக்கும் இடையிலான வழி அடைபட்டது. தினந்தோறும் மருந்து வேண்டியவனுக்கு வழி அடைபட்டால் என்ன ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அன்றுமுதல் மருந்து இருப்பைப் பற்றி எப்பொழுதும் பயத்தோடேயே இருக்கிறோம். இதற்காக விசேஷமாய் ஜெபியுங்கள்.

இன்னொரு தேவையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமையும் மாத்திரை கொடுத்தாக வேண்டும். காலை ஆறரைக்கு மையத்தைத் திறந்து, ஆராதனை மணி அடிக்கும் முன் முடிக்கிறோம். இருக்கிற இரண்டு நர்ஸுகளும் மாறி மாறி ஓய்வில்லாமல் வருகிறார்கள். மூன்றாவதாக ஒருவரை நியமிக்க, ஒரு வருஷச் சம்பளத்தை ஏற்கக்கூடிய சபையோ குடும்பமோ இருந்தால், கூட்டம் முடிந்தபின் வாசலருகே மேஜையில் இருக்கும் எங்களிடம் தெரிவியுங்கள்.